முட்டைக்குக் கணக்கு இருக்கு, பாலுக்கு ஏன் இல்லை? கொல்லிமலையில் மாடு வளர்ப்போருக்கு இப்போது தேவைப்படுவது என்ன?

நாமக்கல் என்றதும் நினைவுக்கு வருவது முட்டை. அங்குள்ள ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம் ஒரு முட்டைக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், யோசிக்காமல் பைசா சுத்தமாகச் சொல்வார். ஒரு கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும், இத்தனை கோழிக்கு இத்தனை முட்டை வர வேண்டும், இன்றைக்கு என்.இ.சி.சி. விலை இவ்வளவு என்று எல்லாமே அவர் விரல் நுனியில் இருக்கும். முட்டை எண்ணிக்கை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் குறைந்தால் மூன்றாம் நாள் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார்.

அதே மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் கொல்லிமலை. செம்மேடு அமைந்திருக்கும் வாழவந்தி நாட்டிலோ பக்கத்து நாடுகளிலோ இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பால் கறக்க எவ்வளவு செலவு? "அதெல்லாம் யாருங்க கணக்குப் பார்க்குறது?" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். இது கொல்லிமலைக்கு மட்டும் உரிய பதில் அல்ல. தமிழ்நாட்டின் எந்த ஊரில் கேட்டாலும் இதுவேதான் கிடைக்கும்.

இந்தக் கணக்கு இல்லாததன் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள், என்ன செய்தால் சரியாகும் என்று பார்க்கலாம்.

மாடு கிடைக்கிறது, கடனும் கிடைக்கிறது

கடந்த சில ஆண்டுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு மாடு சேர வேண்டும் என்று அரசுகள் நிறையவே செய்திருக்கின்றன. 2011-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா கறவை மாடு திட்டத்தின் இலக்கு 5 ஆண்டுகளில் 60,000 பசுக்கள். விவசாயக் கடன் அட்டையை மாடு வளர்ப்போருக்கும் நீட்டிப்பதாக 2018-19 மத்திய பட்ஜெட் அறிவித்தது. பிணையில்லாமல் வாங்கக்கூடிய விவசாயக் கடன், கால்நடை வளர்ப்பும் உட்பட, 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது.

எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் மாட்டை வாங்குவது ஒரு நாள் வேலை. அதை லாபத்தில் வைத்திருப்பது வருடத்தில் 365 நாள் வேலை. முதல் வேலைக்குத் திட்டம் இருக்கிறது, கடன் இருக்கிறது. இரண்டாவது வேலையைக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு நாள் முகாம், ஒரு துண்டுப் பிரசுரம், மதியச் சாப்பாடு என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

ஐ.டி. கம்பெனியில் சேரும் ஒருவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். ஒரு லட்ச ரூபாய் வரை விலை போகும் கறவை மாட்டை, கடன் தவணையோடு கையில் வாங்கும் ஒரு பெண்ணுக்கு அரை நாள் பயிற்சி போதும் என்று எப்படி முடிவு செய்தோம்?

ஒரு மாட்டின் ஒரு நாள் கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு கலப்பினப் பசு நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் ஆவின் அறிவித்த ஊக்கத்தொகையையும் சேர்த்து, தரமான பசும்பாலுக்கு லிட்டருக்கு ரூ.38. அப்படியானால் வரவு ரூ.304.

தீவனச் செலவுக்குக் கால்நடைத் துறையினர் சொல்லும் பொது விதி ஒன்று உண்டு. உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 8 லிட்டர் மாட்டுக்கு இது 4.7 கிலோ வரும். கிலோ 30 ரூபாய் என்றால் ரூ.141. வைக்கோல் 5 கிலோ, மலைக்கு ஏற்றிவரும் கூலியோடு கிலோ 8 ரூபாய் என்றால் ரூ.40. தாது உப்பு, இதர செலவுகள் ரூ.9. மொத்தம் ரூ.190. கையில் மிஞ்சுவது ரூ.114.

புல் அறுப்பது, சாணி அள்ளுவது, கறப்பது, தண்ணீர் சுமப்பது எல்லாவற்றுக்கும் கூலி இந்த 114-ல்தான். மருந்துச் செலவும் கடன் தவணையும்கூட இதில்தான் வர வேண்டும்.

மாடு பால் வற்றிய நாளில் வரவு பூஜ்யம். ஆனால் செலவு நிற்காது. இரண்டு கிலோ அடர்தீவனமும் வைக்கோலும் போட்டால் நாளைக்கு 100 ரூபாய். ஆக, இந்தத் தொழிலில் லாபத்தைத் தீர்மானிப்பது மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பது மட்டுமல்ல. வருடத்தில் எத்தனை நாள் சும்மா நிற்கிறது என்பதும்தான். சந்தையில் எல்லோரும் முதல் கேள்வியைக் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்க யாரும் சொல்லித் தருவதில்லை.

21 நாள் என்னும் கடிகாரம்

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று போட்ட மாடு 3 மாதத்தில், அதிகபட்சம் 4 மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்தால், 13 மாதத்துக்கு ஒரு கன்று கிடைக்கும். இந்த இடைவெளி 18 மாதமாக நீண்டால் என்ன ஆகும்? ஆறரை வருடத்தில் 6 கன்றுகள் கிடைக்க வேண்டிய இடத்தில் 4 கன்றுகள்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஈற்றிலும் கூடுதலாகப் போகும் 5 மாதம் என்பது பெரும்பாலும் பால் வற்றிய நாட்கள், அல்லது அரை லிட்டர், ஒரு லிட்டர் கறக்கும் நாட்கள். மேலே சொன்ன கணக்கில் 150 நாள், நாளைக்கு 100 ரூபாய் என்றால் ரூ.15,000. எந்த நோயும் வரவில்லை, எந்த விபத்தும் நடக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு பணம் போய்விட்டது.

ஏன் இப்படி ஆகிறது? பசு சராசரியாக 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினை ஊசி போடத் தோதான நேரம் சில மணி நேரங்கள்தான். மாடு கத்தும், தீவனம் குறையும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், மற்ற மாடுகள் மீது தாவும் அல்லது தன் மீது தாவ விட்டு அசையாமல் நிற்கும், பின்புறம் கண்ணாடி போல வழும்பு தொங்கும். காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும் என்பது பொதுவான விதி. இதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 21 நாள் கழித்துத்தான்.

வீட்டில் ஒரே மாடுதான் இருக்கிறது என்றால் தாவுகிற அறிகுறி தெரியவே தெரியாது. சில மாடுகள் கத்தாது. இரவில் பருவத்துக்கு வந்தால் பார்க்க ஆள் இருக்காது. குக்கிராமம் என்றால் ஊசி போடுபவர் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். இவ்வளவு சிக்கலுக்கும் முதல் தீர்வு ஒரு காலண்டர். மாடு எந்தத் தேதியில் பருவத்துக்கு வந்தது, எந்தத் தேதியில் ஊசி போட்டார்கள் என்று சுவரில் மாட்டிய காலண்டரில் குறித்து வைத்தால், 21-ம் நாள் விழிப்பாக இருக்கலாம். 60 முதல் 90 நாளுக்குள் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஊசி போடுபவருக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லி வைக்கலாம். செலவு ஒரு பேனா.

மலைக்கு வேறு பாடம் வேண்டும்

சமவெளிக்கு எழுதிய பாடத்தை அப்படியே தூக்கி மலையில் நடத்த முடியாது. கொல்லிமலைக்குச் சில சாதகங்கள் உண்டு, சில பாதகங்கள் உண்டு.

முதல் சாதகம் குளிர்ச்சி. கலப்பினப் பசுக்களுக்கு வெயில்தான் பெரிய எதிரி. வெப்பம் ஏறினால் தீவனம் குறையும், பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் அந்தத் தொல்லை குறைவு. கறந்த பால் கெட்டுப்போகும் வேகமும் சமவெளியைவிடக் குறைவு.

பாதகம் தீவனம். மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு. மனிதர்களுக்குத் தானியம், மாட்டுக்குத் தாள் என்று ஒரே வயல் இரண்டு வயிறுகளை நிரப்பியது. அதிலும் கேழ்வரகுத் தாள் நெல் வைக்கோலைவிடச் சத்தானது, சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளின் தேவை கூடக் கூட மலையில் மரவள்ளி பரவியது, சிறுதானியம் சுருங்கியது. இந்த மாற்றத்தை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஆவணப்படுத்தியிருக்கிறது. மனிதர்களின் உணவில் சிறுதானியம் குறைந்ததைப் பற்றி நிறையப் பேசினோம். மாட்டின் தட்டில் தாள் குறைந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. மரவள்ளிக் காட்டில் அறுவடைக்குப் பிறகு மாட்டுக்கு வைக்கோல் மிஞ்சுவதில்லை.

மிஞ்சுகிற இலையிலும் தோலிலும் ஆபத்து இருக்கிறது. மரவள்ளியில் சயனைடு நச்சாக மாறும் பொருட்கள் உண்டு. பசுமையாக அதிகம் தின்ற மாடு மூச்சு வாங்கி, தள்ளாடி, சிறிது நேரத்தில் இறந்துவிடக்கூடும். நன்றாக வெயிலில் காயவைத்தால் நச்சு பெருமளவு குறையும். அதையும் கொஞ்சமாகத்தான் கலந்து கொடுக்க வேண்டும். அதேபோல் பலாப் பருவத்தில் பழத்தையும் சக்கையையும் அளவில்லாமல் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். மரவள்ளியும் பலாவும் விளைகிற மலையில் இதுதான் முதல் வகுப்புப் பாடமாக இருக்க வேண்டும்.

மாற்று வழியும் மலையிலேயே இருக்கிறது. சரிவான நிலத்தின் வரப்புகளில் கம்பு நேப்பியர், கினியாப் புல் நட்டால் மண்ணையும் பிடிக்கும், தீவனமும் ஆகும். வேலியோரம் அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா வைக்கலாம். மிளகுக் கொடி ஏற்றும் மரங்களில் சிலவற்றைக் கல்யாண முருங்கையாக வைத்தால் கழிக்கும் தழை மாட்டுக்கு ஆகும். சாணம் காபிக்கும் மிளகுக்கும் எருவாகப் போகிறது என்றால், அதையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும். மலையில் மாட்டின் வருமானம் பால் மட்டும் அல்ல.

சொசைட்டி மீட்டர் என்ன சொல்கிறது?

பாலுக்கு விலை லிட்டரை மட்டும் பார்த்துப் போடப்படுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த எண்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. 'மிஷின்ல கம்மியா காட்டுது' என்ற சந்தேகத்தோடே பலர் வீடு திரும்புகிறார்கள். சந்தேகம் சில நேரம் நியாயமானதாகவும் இருக்கலாம். எண் புரிந்தால்தானே கேள்வி கேட்க முடியும்?

ஒரு சின்ன விஷயம். கறவையின் கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அவசரத்தில் மடியை முழுதாகக் கறக்காமல் விட்டால் கொழுப்பு எண் குறையும், மடிநோய்க்கும் வழி திறக்கும். இன்னொன்று, பச்சைத் தீவனம் மட்டும் போட்டு நார்ச்சத்துள்ள உலர் தீவனம் குறைந்தால் பால் கூடினாலும் கொழுப்பு குறையலாம். அதேபோல் ஒரு லிட்டர் பாலுக்கு மாடு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் சுமப்பது கஷ்டம் என்று ஒரு வேளை குறைத்தால் அது நேரடியாகப் பாலில் தெரியும். இவை எதற்கும் கூடுதல் முதலீடு வேண்டாம், தெரிந்திருந்தால் போதும்.

"தலைமுறை தலைமுறையா மாடு வளர்க்கிறோம், எங்களுக்கே பாடமா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கல்லூரியில் படித்தவர் மலைக்கு ஏறி வந்து, பிறந்ததிலிருந்து மாட்டோடு வாழ்பவருக்கு அறிவுரை சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்னோர்கள் வளர்த்தது ஏர் ஓட்டவும் எருவுக்கும் ஆன மலைமாடு. காட்டில் மேய்ந்து, கிடைத்ததைத் தின்று, கன்றுக்குப் போக மிஞ்சிய பாலைத் தந்தது. இன்று கடன் வாங்கிக் கட்டியிருக்கும் கலப்பினப் பசுவின் பசி வேறு, நோய் வேறு, பராமரிப்பு வேறு. பழைய அறிவு தவறானதல்ல, அது வேறொரு மாட்டுக்கான அறிவு.

பழைய அறிவில் இன்றும் கைகொடுப்பது நிறைய இருக்கிறது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையை இன்று தேசிய பால்வள வாரியமே நாடு முழுக்கப் பரிந்துரைக்கிறது. மரபுவழி மருத்துவத்தை முறைப்படுத்தியதில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ந.புண்ணியமூர்த்திக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே பாடம் ஒரு பக்கமிருந்து மட்டும் வர வேண்டியதில்லை.

"முதல்ல பாலை வாங்க ஆள் ஏற்பாடு பண்ணுங்க, அப்புறம் பாடம் நடத்தலாம்" என்பது இன்னொரு எதிர்ப்பு. இதுவும் நியாயமானது. பால் சேகரிப்பும் குளிரூட்டும் வசதியும் இல்லாத இடத்தில் பயிற்சி மட்டும் கொடுத்தால் சான்றிதழ்தான் மிஞ்சும். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிறந்த அமுல், பாலை வாங்குவதோடு நிற்கவில்லை. கால்நடை மருத்துவமும் சினை ஊசியும் தீவனமும் அதே கூட்டுறவின் வழியே வீட்டு வாசலுக்கு வந்தன. 1964-ல் அங்கு கஞ்சரி தீவன ஆலையைத் திறக்கச் சென்ற பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அஜர்புரா என்ற கிராமத்தில் ஓர் இரவு தங்கி, மக்களோடு பேசித் தெரிந்துகொண்டார். மறு ஆண்டு தேசிய பால்வள வாரியம் உருவானது. பிரதமரே கிராமத்துக்குப் போய்க் கேட்டறிந்த துறை இது.

கொட்டகையே வகுப்பறை

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. மாநிலத்தின் பல மலைகளுக்கு வாய்க்காத வசதி இது. ஆனால் செம்மேட்டிலிருந்து அங்கே போய்வர ஒரு முழு நாள் வேண்டும். காலையிலும் மாலையிலும் பால் கறக்க வேண்டிய பெண்ணால் அது முடியாது. மாட்டு வேலையில் பெரும்பகுதியைச் செய்வது பெண்கள், பயிற்சிக்குப் பேருந்து ஏறுவது ஆண்கள். அறிவு தேவைப்படும் கைக்கு அது போய்ச் சேராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு உலகம் கண்ட ஒரு வழி உண்டு. 1989-ல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 'உழவர் வயல்வெளிப் பள்ளி'யைத் தொடங்கியது. விரிவுரை கிடையாது. 25 பேர் அளவிலான ஒரு குழு, பருவம் முழுக்க வாராவாரம் அதே வயலில் கூடி, பார்த்து, எண்ணி, விவாதித்து முடிவெடுக்கும். பின்னர் ஆப்பிரிக்காவில் கால்நடை வளர்ப்போருக்கும் இதே முறை போனது.

கொல்லிமலைக்கு இதை மாட்டின் ஒரு வருடத்துக்கு ஏற்ப வடிவமைக்கலாம். 6 கூட்டங்கள் போதும்:

1. கன்று போடுவதற்கு 60 நாள் முன்பு: கறவையை நிறுத்துவது, சினை மாட்டின் தீவனம்.
2. கன்று போட்டதும்: முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு ஒரு நாளில் இரண்டரை லிட்டர்.
3. கறவைக் காலம்: முழுக் கறவை, மடிச் சுத்தம், மடிநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது.
4. இரண்டாம், மூன்றாம் மாதம்: பருவ அறிகுறி, சினை ஊசி, காலண்டர்.
5. மழைக்கு முன்பு: வரப்புப் புல், தாள் சேமிப்பு, மரவள்ளி எச்சரிக்கை, கோமாரித் தடுப்பூசி.
6. வருட முடிவு: வரவு செலவு. எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எதை விற்பது.

நேரம் காலை 11-க்கும் மதியம் 3-க்கும் இடையே. இடம் யாராவது ஒருவர் வீட்டுக் கொட்டகை. ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஓரளவு படித்த ஒரு பெண்ணுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தோடு பொறுப்பாளராக்க வேண்டும். வேறு மாநிலங்களில் 'பசு சகி' என்ற பெயரில் பெண்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கினால் ஆறு மாதம்கூட ஓடாது. காரணம் எளிது: மலையில் வீடு வீடாக நடப்பதும் வேலைதான்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நாமக்கல் கல்லூரியும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் ஆவினும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஒரே அட்டவணையில் உட்கார்ந்தால் போதும். வாழவந்தி நாட்டில் இரண்டு குக்கிராமங்களில் ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். வெற்றியை அளக்க எத்தனை பேர் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு உதவாது. கன்று இடைவெளி எத்தனை மாதம் குறைந்தது, ஒரு லிட்டர் பாலுக்கு அடக்கவிலை எவ்வளவு என்று எத்தனை பேரால் சொல்ல முடிகிறது என்ற இரண்டு எண்கள் போதும்.

போனில் இதைப் படிப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஊரில் அப்பா, அம்மா மாடு வைத்திருக்கிறார்களா? அப்படியானால் இந்த வாரமே செய்யக்கூடியவை சில உண்டு.

மாட்டின் கடைசிக் கன்று தேதி, சினை ஊசி தேதி, தடுப்பூசி தேதியைக் கேட்டு வாங்கி உங்கள் போன் காலண்டரில் 21 நாள் நினைவூட்டல் வையுங்கள். மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள தோடு இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி, சிகிச்சைப் பதிவுகளுக்கு அதுதான் ஆதார். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணை அவர்கள் போனில் பதிந்து கொடுங்கள். புது மாடு வாங்கப் போகிறார்கள் என்றால், ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையாக இருந்தாலும் பக்கத்து வீடாக இருந்தாலும், தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் கறந்த லிட்டரையும் தீவனச் செலவையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லி, எக்செல்லில் நீங்கள் ஏற்றுங்கள். மாதக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று திருப்பிச் சொல்லுங்கள். நஷ்டம் என்று வந்தால் யாரையும் திட்டாமல், எந்த நாளில், எந்தச் செலவில் போனது என்று சேர்ந்து பாருங்கள்.

மலையடிவாரத்துக் கோழிப்பண்ணைகள் வளர்ந்ததற்கு முதலீடு ஒரு காரணம். ஒவ்வொரு முட்டையையும் எண்ணியது இன்னொரு காரணம். முதலீட்டை மலைக்கு ஏற்றத் திட்டங்கள் வந்துவிட்டன. எண்ணக் கற்றுக்கொடுப்பவர்கள்தான் அந்த 70 வளைவுகளை இனி ஏறி வர வேண்டும்.